யாழ்ப்பாணத்தில் தங்கி மூன்று நாள்: எந்தப் பக்கம், எந்த ஒழுங்கில் போவது?

சுதா (கொழும்பு):

வணக்கம். மாசி மாதம் மூன்று முழுநாள் யாழ்ப்பாணத்தில் நிற்கப்போகிறோம். தங்குவது ரயில் நிலையத்துக்குக் கிட்ட. நானும் கணவரும், 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பெடியன்கள், 71 வயதில் அம்மா. அம்மா நடப்பா, ஆனால் முழங்கால் வருத்தம், உயரப் படி ஏறமாட்டா. வான் பிடிக்கலாம் என்று இருக்கிறோம்.

நாங்கள் போட்ட ஒழுங்கு இது. முதல் நாள் நயினாதீவு, நெடுந்தீவு, திரும்பும் வழியில் காரைநகர் கசூரினா கடற்கரை. இரண்டாம் நாள் பருத்தித்துறை, கீரிமலை, நிலாவரை, கந்தரோடை. மூன்றாம் நாள் கோட்டை, நூலகம், நல்லூர். வரைபடத்தில் எல்லாம் கிட்டக் கிட்டத்தான் தெரியுது. சரிவருமா? பிள்ளைகளை எந்தக் கடலில் பயமில்லாமல் இறக்கலாம்? அம்மாவைப் படகில் ஏற்றலாமா?

தீவான்:

தங்கச்சி, முதல் நாள் ஒழுங்கு நடக்காது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஒரே இடத்திலை, குறிகட்டுவானிலைதான் ஏறவேணும். அதாலை எல்லாரும் ரெண்டையும் ஒரு நாளிலை சேர்த்துப் போடுறவை. ஆனால் ரெண்டும் ஒரே மாதிரிப் பயணம் இல்லை. நயினாதீவு 20 நிமிசத்துக்குள்ளை போற தூரம், படகு பகல் முழுக்கப் போய் வரும். நெடுந்தீவு ஒரு பக்கம் மட்டும் ஒரு மணித்தியாலம் அளவிலை. காலமை போற படகிலை போனால் பின்னேரப் படகிலைதான் திரும்பலாம். நடுவிலை கிடைக்கிற நேரம் தீவைச் சுத்திப் பார்க்கவே காணாது. பின்னேரப் படகை விட்டால் இரவு அங்கைதான்.

கசூரினா இன்னும் கஷ்டம். வரைபடத்திலை ஊர்காவற்றுறையும் காரைநகரும் ஒட்டி நிக்கிற மாதிரித்தான் தெரியும், நடுவிலை கடல். அதைக் கடக்கிறது 'பாதை' எண்டு நாங்கள் சொல்லுற மிதவைதான். ஆக்களும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் போகலாம். வானை நம்பி ஒழுங்கு போடாதேங்கோ. காத்துக்கும் நிக்கும், திருத்த வேலைக்கும் நிக்கும். வானிலை போறதெண்டால் வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம் எண்டு பட்டினத்துக்குத் திரும்பி வந்து, பிறகு வட்டுக்கோட்டை, பொன்னாலை எண்டு சுத்தவேணும். அதுக்குள்ளை பொழுது பட்டிடும்.

உங்கட நிலைமைக்கு நல்ல வழி ஒண்டு இருக்கு. குடும்பமாக் குறிகட்டுவானுக்குப் போய் அங்கை ரெண்டாப் பிரியுங்கோ. அவரும் மூத்தவனும் நெடுந்தீவு, நீங்களும் அம்மாவும் சின்னவனும் நயினாதீவு. வான் ஒண்டு காணும், அது துறையடியிலை நிக்கும். காலமை 6 மணிக்கு வெளிக்கிடுங்கோ. நேரா ஓடினால் ஒரு மணித்தியாலம்தான், ஆனால் கடலுக்கு நடுவாலை போற புங்குடுதீவுத் தாம்போதியிலை பிள்ளையள் இறங்கவேணும் எண்டுவினம். நெடுந்தீவுப் படகு வெளிக்கிட முக்கால் மணித்தியாலம் முந்தியே துறையிலை நிண்டால் இருக்க இடம் கிடைக்கும். நேரம் மாறிக்கொண்டிருக்கிறதாலை முதல் நாள் பின்னேரம் தங்குற இடத்து ஆக்களைக் கொண்டு துறையடியிலை விசாரிப்பியுங்கோ.

அம்மாவை நயினாதீவுப் படகிலை தாராளமா ஏத்தலாம். கவனிக்கவேண்டியது ஏறுற அந்த ஒரு எட்டு. படகின்ரை விளிம்பும் துறையின்ரை விளிம்பும் ஒரே மட்டத்திலை நிக்காது, அலைக்கு ஏறி இறங்கும். படகு மேலை எழும்பி வாற நேரத்திலை காலை வைக்கவேணும். கீழை போற நேரத்திலை வைச்சால் முழங்கால் மடங்கி முழுப் பாரமும் அதிலை விழும். படகுப் பெடியள் ரெண்டு கையையும் பிடிப்பாங்கள், அதாலை கையிலை பை இருக்கக்கூடாது. பையை முதலே உள்ளை குடுத்துவிடுங்கோ. சீலையைக் கணுக்காலுக்கு மேலை தூக்கிச் செருகிவிடுங்கோ. உள்ளை கீழ்த்தட்டுக்கு இறங்கிற படி செங்குத்தா இருக்கும், வெக்கையும் டீசல் மணமும் சேர்ந்து சத்தி வரப்பண்ணும். ஏறுவாசலுக்குக் கிட்ட, காத்துப் படுற இடத்திலை அம்மாவை இருத்துங்கோ. உயிர்காப்பு அங்கி தந்தால் வாங்கிப் போடுங்கோ, சும்மா மடியிலை வைச்சிருக்கவேண்டாம்.

நயினாதீவிலை துறைக்கு நேர் முன்னாலை நாகபூசணி அம்மன் கோயில். கோயில் துறையிலை இறக்கச் சொல்லுங்கோ, விகாரைப் பக்கம் வேறை துறை இருக்கு. நாகதீப பௌத்த விகாரைக்கு அங்கையிருந்து பத்து நிமிச நடை, வெய்யில் எண்டால் ஓட்டோ பிடிக்கலாம். மத்தியானம் கோயில் மடத்திலை அன்னதானம் இருக்கும். போயா எண்ட பூரணை நாளிலும் சனி ஞாயிறிலும் தெற்கிலையிருந்து பஸ் பஸ்ஸா யாத்திரைச் சனம் வரும், வரிசையிலை ஒரு மணித்தியாலம் போயிடும். கிழமை நாளாப் பாருங்கோ.

நெடுந்தீவு போறவைக்கு: மாவிலித்துறையிலை இறங்கினவுடனை வாகனத்தைப் பேசுங்கோ, பிந்தினால் நல்லது போயிடும். எந்தெந்த இடம், எத்தினை மணிக்குத் திரும்பத் துறைக்கு, மொத்தம் எவ்வளவு எண்ட மூண்டையும் ஏற முதலே பேசி முடியுங்கோ. முதல் தெற்குப் பக்கத்துக்கு, குதிரையள் மேயிற வெளிக்கு விடச் சொல்லுங்கோ. வெய்யில் ஏறினால் அதுகள் தள்ளிப் போயிடும், கிட்டப் பார்க்கேலாது. திரும்பி வரேக்கை பெருக்கமரம் (பாவோபாப்), கோட்டை, புறாக்கூடு. பெருக்கமரத்தின்ரை அடியிலை ஆள் நுழையிற பொந்து இருக்கு, பிள்ளையளுக்கு அதுதான் பெரிசு. ஆனால் நெடுந்தீவிலை நான் முதலாவதாக் காட்டுறது வேலியைத்தான். சீமெந்தும் இல்லை, சாந்தும் இல்லை. முருகைக்கல்லை, அதுதான் பவளப்பாறைக் கல்லை, ஒண்டுக்கு மேலை ஒண்டு அடுக்கி, இடைவெளிக்குச் சின்னக் கல்லைச் செருகி, காணி காணியா அடைச்சிருக்கினம். இடைவெளியாலை காத்துப் போறதாலை அடிக்கிற காத்துக்கும் அது விழாது. ஒரு கல்லையும் இழுத்துப் பார்க்க விடாதேங்கோ. ஒண்டு வந்தால் ஒரு முழம் சரியும், அது ஆற்றையோ வீட்டு வேலி.

தண்ணி ஆளுக்கு ரெண்டு லீற்றர். அங்கத்தைக் கிணறு கனக்க உவர். சாப்பாட்டுப் பார்சல், தொப்பி, காசு எல்லாம் பட்டினத்திலையே எடுங்கோ.

வல்லைவெளி:

தீவான் அண்ணா சொன்னதை நானும் சொல்கிறேன்: ஒரு நாளைக்கு ஒரு பக்கம். யாழ்ப்பாணத்து வீதிகள் பட்டினத்திலிருந்து விரல் மாதிரி விரிகிறவை. ஒரு விரலின் நுனியிலிருந்து அடுத்த நுனிக்குத் தாவ நினைத்தால் பாதி நாள் வானுக்குள் போகும். உங்கள் இரண்டாம் நாளில் பருத்தித்துறையையும் கீரிமலையையும் பிரித்துவிடுங்கள். நிலாவரை மட்டும் பருத்தித்துறையோடு நிற்கட்டும், அது போகிற வழி.

வடமராட்சியை, அதாவது பருத்தித்துறைப் பக்கத்தைப் பொறுத்தவரை எல்லாரும் விடுகிற பிழை, முதலில் பருத்தித்துறைப் பட்டினத்தில் இறங்கி வடை வாங்கி, முனை பார்த்து, கிழக்குக் கரையில் உள்ள மணற்காட்டுக்குப் போகும்போது 12 மணி ஆகிவிடுவது. மணற்காட்டு மணலில் பத்து மணிக்குப் பிறகு வெறுங்காலோடு நிற்க முடியாது. ஆகவே தூரத்தில் இருப்பதை முதலில் முடியுங்கள்.

காலை ஆறரைக்கு வெளிக்கிட்டு கோப்பாய், நீர்வேலி வழியாகப் புத்தூர். அங்கிருந்து கொஞ்சம் மேற்கே விலகினால் நவக்கிரியில் நிலாவரை. கால் மணித்தியாலம் காணும். பார்ப்பதற்கு நாற்புறமும் கல் வெட்டி இறக்கிய ஒரு பெரிய கிணறு, அவ்வளவுதான். ஆனால் ஏன் அது வற்றுவதில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் காட்டினால் வேறு மாதிரி இருக்கும். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, கல்லைக் கரைத்து, நிலத்தடியில் குகைகளும் வாய்க்கால்களும் உண்டாக்கியிருக்கிறது. அப்படி ஒரு குகையின் கூரை இடிந்து திறந்ததுதான் இந்தப் பள்ளம். நன்னீர் பாரம் குறைந்தது, அதனால் மேலே மிதக்கிறது. அடியில் உப்புத் தண்ணீர். இறங்கிக் குளிக்க விடமாட்டார்கள், எட்டிப் பார்க்கிற பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வல்லை வெளி, நெல்லியடி, நேரே வல்லிபுரம். வல்லிபுர ஆழ்வார் கோயிலில் மூலஸ்தானத்தில் இருப்பது சக்கரம். அனுராதபுரத்தை ஆண்ட வசப மன்னன் காலத்துப் பொன்னேடு, எழுத்துப் பொறித்த பொன் தகடு, 1936இல் கண்டெடுக்கப்பட்டதும் இந்த ஊரில்தான். ஞாயிற்றுக்கிழமை சனம் முட்டி வழியும், அதைத் தவிருங்கள். கோயிலில் இருந்து மணற்காடு கிட்ட. சவுக்கங்காட்டுக்குப் பக்கத்தில், மணல் மூடிப் போன பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் மட்டும் மேலே நிற்கின்றன. அம்மாவை சவுக்கு நிழலில் இருத்திவிட்டுப் போங்கள், மணலில் கால் புதைந்து முழங்காலை இழுக்கும். இந்தக் கடலில் பிள்ளைகளை இறக்கவேண்டாம். கிழக்குப் பக்கம் திறந்த கடல், கரையிலேயே அலை இழுக்கும்.

பதினொரு மணிக்குள் பருத்தித்துறை. சக்கோட்டை முனைதான் இலங்கையின் வட நுனி, ஒரு படம் எடுத்தால் போதும். வெளிச்சவீடு 1916இல் கட்டியது, தூரத்தில் இருந்து பாருங்கள். அதைவிட நான் நிற்கச் சொல்வது தம்பசிட்டித் தெருமூடி மடத்தில். வீதி மடத்துக்குள்ளாலேயே போகிறது. இரண்டு பக்கமும் திண்ணை, கல் தூண், மேலே கூரை. கால்நடையாக வந்த சனம் பாரத்தை இறக்கி வைத்து ஆறியிருக்கக் கட்டியது. வானை உள்ளுக்குள் நிறுத்தாமல் தள்ளி நிறுத்திவிட்டு, அம்மாவையும் அந்தத் திண்ணையில் ஐந்து நிமிடம் இருத்துங்கள். வெளியே கொதித்தாலும் உள்ளே காற்று வரும்.

வடை: ஓடக்கரையில் கேளுங்கள். உளுந்து, மா, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம் போட்டு மெல்லிசாகத் தட்டிப் பொரிப்பது, மெதுவடை மாதிரி இல்லை. அன்றைக்குப் பொரித்ததா என்று கேட்டு, ஒன்றை உடைத்துப் பாருங்கள். சத்தத்தோடு உடையவேண்டும், வளைந்து முறிந்தால் காற்றுப் பட்டது. கொழும்புக்குக் கொண்டுபோவதென்றால் சூடு முழுக்க ஆறிய பிறகுதான் பையைக் கட்டவேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்து, விடிய நமத்துப் போயிருக்கும்.

திரும்பும்போது வந்த வழியால் வராமல் கரையோரமாக வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு. பெயரில்தான் ஆறு, அது கடல்நீரேரி. அதன் கரையில் செல்வச்சந்நிதி முருகன் இருக்கிறார். பூசகர் வாயைத் துணியால் கட்டி மௌனமாகப் பூசை செய்கிற கோயில். அன்னதானக் கந்தன் என்றே பெயர், மத்தியானம் போனால் பசியோடு திரும்பமாட்டீர்கள். வழியில் கடை தேடுகிற வேலையும் இல்லை.

சுதா (கொழும்பு):

இரண்டு அண்ணாமாருக்கும் நன்றி. பிரிந்து போகிற யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. அப்படியென்றால் கீரிமலையும் கசூரினாவும் கந்தரோடையும் மூன்றாம் நாளா? கோட்டை, நூலகம், நல்லூரை எங்கே போடுவது? கீரிமலையில் பெண்களுக்கு வசதி இருக்கா? பருத்தித்துறைக்கு பஸ்ஸில் போனால் என்ன?

வழுக்கியாறு:

பருத்தித்துறைக்கு 750 பஸ் அடிக்கடி இருக்கிறது, குறிகட்டுவானுக்கு 776. இளம் ஆக்கள் என்றால் அதில்தான் போகச் சொல்வேன். ஆனால் மணற்காடும் நிலாவரையும் பஸ் வீதியை விட்டு விலகியவை. ஒவ்வொரு சந்தியிலும் அம்மா ஓட்டோ மாற வேண்டிவரும். மூன்று நாளும் வானே எடுங்கள்.

பட்டினத்துக்குத் தனி நாள் வேண்டாம். அதைப் பின்னேரங்களில் பிரித்துப் போடுங்கள், பகலில் அங்கே பார்ப்பதும் குறைவு. கோட்டை மதிலில் ஒரு நிழல் இல்லை. ஐந்து மணிக்குப் போனால் பண்ணைக் கடலில் பொழுது படுவதையும் பார்க்கலாம். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐந்து கொத்தளத்தோடு ஐங்கோணமாகத் திருத்திக் கட்டினார்கள். உள்ளே 1706இல் கட்டிய தேவாலயம் போரில் இடிந்து குவியலாகக் கிடக்கிறது. மதில் கல்லைக் கிட்டப் பார்த்தால் முருகைக்கல்லின் பூ தெரியும், சின்னவனுக்குத் தொட்டுக் காட்டுங்கள். மேலே ஓரத்தில் கைபிடி இல்லாத இடங்கள் உண்டு, ஓட விடாதீர்கள். அம்மா கீழே முற்றத்தில் நடந்தால் போதும்.

நூலகம் கோட்டைக்குக் கிட்ட. 1981இல் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு, பிறகு பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டது. அது வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிற இடம், ஆகவே சுற்றிப் பார்ப்பவர்களை எல்லா நேரமும் உள்ளே விடமாட்டார்கள். பின்னேரம் கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள். முதலே வாசலில் கேளுங்கள். உள்ளே படம் எடுக்க நினைத்தால் அனுமதி கேட்டு எடுங்கள்.

நல்லூரில் பூசை மணிக்கூடு பார்த்தது போல நடக்கும், பிந்திப் போய்க் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஆண்கள், பெடியன்கள் உட்பட, மேல்சட்டையைக் கழற்றவேண்டும். அரைக் காற்சட்டை வேண்டாம், வேட்டி கொண்டுவாருங்கள். மத்தியானம் நடை சாத்தியிருக்கும். பின்னேரப் பூசைக்கு முன் அரை மணித்தியாலம் இருந்தால் கிழக்கே முத்திரைச்சந்திப் பக்கம் போய், யாழ்ப்பாண அரசர் காலத்தவை என்று சொல்லும் சங்கிலித்தோப்பு வளைவு, மந்திரிமனை, ‘ப’ வடிவ யமுனா ஏரி மூன்றையும் பார்த்துவிடலாம். மந்திரிமனை பழுதடைந்த கட்டடம், வீதியில் நின்று பாருங்கள், உள்ளே ஏறவேண்டாம்.

மூன்றாம் நாள், நீங்கள் நினைத்ததுதான். இதில் ஒரு வசதி: கீரிமலையில் இருந்து காரைநகருக்குப் போகப் பட்டினத்துக்குத் திரும்பத் தேவையில்லை. மாதகல், பொன்னாலை என்று மேற்குக் கரையோரமாகவே வீதி போகிறது. வல்லைவெளி சொன்ன விரல் நுனிகளில் இந்த இரண்டு மட்டும் தொடுகின்றன.

காங்கேசன்துறை வீதியால் ஏழு மணிக்குப் போய்ச் சுன்னாகத்தில் மேற்கே திரும்பினால் கந்தரோடை. சின்னதும் பெரிதுமாகச் சாம்பல் நிறக் கல்லால் ஆன பழைய பௌத்தத் தூபிகள் ஒரு பனங்காணிக்குள் நெருங்கி நிற்கின்றன. வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் 1917 அளவில் தோண்டத் தொடங்கிய இடம். குடாநாட்டின் ஒரே ஆறான வழுக்கியாறு இந்தப் பக்கத்தால்தான் ஓடுகிறது, அதுவும் மாரியில் மட்டும். ஆறும் வயலும் இருந்ததால்தான் ஆதியிலேயே இங்கே குடியிருப்பு வந்தது. மாசியில் போனால் ஆறு காய்ந்துகொண்டிருக்கும், ஆறு என்று யாரும் காட்டாவிட்டால் தெரியாது.

பிறகு மாவிட்டபுரம், கீரிமலை. கீரிமலையில் நீராடிக் குதிரை முகம் நீங்கிய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கதையை வானுக்குள் சொல்லிக்கொண்டு போங்கள். கீரிமலைக் கேணி கடலுக்கு ஒட்டியே இருக்கிறது, ஆனால் தண்ணீர் நன்னீர் ஊற்று. நிலாவரைக்கு வல்லைவெளி சொன்ன அதே காரணம்தான். வலிகாமம் என்கிற இந்தப் பக்கத்து நிலத்தில் இறங்கிய மழை கல்லுக்குள்ளால் வந்து கரையில் வெளிப்படுகிறது. பெண்களுக்கு மதில் அடைத்த தனிக் கேணி இருக்கு, உடை மாற்றவும் இடம் இருக்கு. சவர்க்காரம் போடக்கூடாது. தண்ணீருக்குக் கீழே உள்ள படிகளில் பாசி. அம்மா மேல்படியில் இருந்து வாளியால் அள்ளி வார்க்கலாம், இறங்கத் தேவையில்லை. மாசியில் சிவராத்திரி வந்தால் அங்குள்ள நகுலேஸ்வரம் சிவன் கோயிலில் பெருங்கூட்டம், அந்த நாளுக்குக் கீரிமலையைப் போடாதீர்கள்.

போகிற வழியில் மாதகல் சம்பில்துறை, சங்கமித்தை வந்திறங்கியதாக மகாவம்சம் சொல்லும் ஜம்புகோளத் துறை இதுதான் என்பார்கள். விரும்பினால் பத்து நிமிடம். பொன்னாலையில் இருந்து தாம்போதி ஏறினால் காரைநகர். கசூரினாதான் உங்கள் பெடியன்களுக்கான கடல். வெகுதூரம் போனாலும் இடுப்பளவு தண்ணீர், அலை இல்லை. மூன்று மணிக்குப் பிறகு இறக்குங்கள். மணலில் போத்தல் ஓடு கிடக்கலாம், செருப்போடு இறங்கட்டும். தண்ணீர் ஆழமில்லை என்று தொலைபேசிக்குள் தலையை விடாதீர்கள், எட்டு வயதுக்கு இடுப்பளவு என்பது நெஞ்சளவு. ஞாயிறு பின்னேரம் கூட்டமும் சத்தமும் அதிகம். வட்டுக்கோட்டை வழியாகத் திரும்பலாம்.

மூத்தவனுக்கு நெடுந்தீவு வேண்டாம் என்றும் நினைக்கிறேன். ஒரு மணித்தியாலம் கடலில் போய், வெய்யிலில் நின்று, திரும்ப ஒரு மணித்தியாலம். அது 12 வயதுக்குக் களைப்பு.

தீவான்:

இல்லைத் தம்பி, மாசியிலை கடல் அடங்கிக் கிடக்கும். சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, எழும்பின பிறகெண்டால் நீங்கள் சொல்லுறது சரி. 12 வயதுப் பெடியனுக்குக் குதிரையும் கல்வேலியும் பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை. சத்தி எடுக்கிற பிள்ளை எண்டால் மட்டும் கூட்டிப் போகாதேங்கோ. படகு ஏறுற பிள்ளைக்கு வெறும் வயிறும் கூடாது, முட்டச் சாப்பிடவும் கூடாது. ரெண்டு இடியப்பம் காணும்.

சுதா, தீவு நாளை முதலாம் நாளா வையுங்கோ. காத்தாலை படகு நிண்டால் அதை ரெண்டாம் நாளுக்கோ மூண்டாம் நாளுக்கோ தள்ள இடம் இருக்கும். கடைசி நாளிலை வைச்சால் போகாமலே கொழும்புக்குத் திரும்பவேண்டி வரும். வான்காரருக்கும் இதை முதலே சொல்லி, மூண்டு நாளையும் மாத்திப் போடலாம் எண்டு பேசிக்கொள்ளுங்கோ. குறிகட்டுவானிலை வான் பின்னேரம் வரைக்கும் நிக்கும், அந்தக் காத்திருப்புக் காசும் பேச்சுக்குள்ளை வரவேணும்.